மெஸ் அக்காவுக்கும் வாட்ச்மேன் அண்ணாவுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும்

எங்கள் கம்பெனியில் போன மாதம் மனநல முதலுதவிப் பயிற்சி வைத்தார்கள். மனசு கஷ்டத்தில் இருக்கிற ஒருத்தரிடம் எப்படிப் பேசுவது, எப்போது டாக்டரிடம் அழைத்துப் போவது, உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தால் என்ன செய்வது, இதையெல்லாம் சொல்லித் தருகிறார்கள். நடத்திய மேடம் பல வருடம் மனநல சமூகப் பணியாளராக இருந்தவர், எதையும் பூசி மெழுகாமல் பேசினார். நல்ல பயிற்சி. வாய்ப்புக் கிடைத்தால் கண்டிப்பாகப் போங்கள்.

ஆனால் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது யார் யார்? ஹெச்.ஆர். ஆட்கள், டீம் லீடுகள், மேனேஜர்கள், பேரோல் பிரிவிலிருந்து நானும் இன்னும் சிலரும். நடுவில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ஹவுஸ்கீப்பிங் அக்கா கள்ளக்குறிச்சிக்காரர், கீழே கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணாவுக்கு ஊர் வாணியம்பாடி. இவர்கள் பெயர் பட்டியலிலேயே இல்லை. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இதில் பட்ஜெட் கிடையாதாம். அன்றைக்கிலிருந்து இது என் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம் ஆட்களில் ஒருத்தர் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தால் அதை முதலில் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள்தான்.

நான் இருப்பது பொம்மனஹள்ளியில். சில்க் போர்டு தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் ஓசூர் ரோட்டின் இரண்டு பக்கமும் சந்து சந்தாகப் பி.ஜி.க்கள் (வாடகைக்குத் தங்கும் விடுதிகள்), த்ரீ ஷேரிங், ஃபோர் ஷேரிங் என்று போர்டு போட்டு. ஈரோடு, தர்மபுரி, திருவண்ணாமலை, தூத்துக்குடி, எந்த ஊர்ப் பிள்ளையை வேண்டுமானாலும் இங்கே பார்க்கலாம். டெலிவரி ஓட்டுகிறவர்கள், நைட் ஷிஃப்ட் போகிறவர்கள், கார்மென்ட்ஸ் பெண்கள், வேலை போனதை ஊரில் சொல்லாமல் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள். அப்பா அம்மா பக்கத்தில் இல்லை, ரூம்மேட் காதில் எந்நேரமும் இயர்போன், மேனேஜர் பார்ப்பது லேப்டாப்பில் ஒரு வட்டத்துக்குள் இருக்கிற பெயரை மட்டும். அப்படிப்பட்ட ஒரு பையன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, முகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் மெஸ் நடத்துகிற அக்கா.

எங்கள் தெரு மெஸ் அக்கா தர்மபுரிப் பக்கம். கன்னடக்காரர் வந்தால் "ஊட்டா ஆய்த்தா", நம்மவர் வந்தால் "சாப்டியா தம்பி", இரண்டும் ஒரே அக்கறையோடு வரும். பயிற்சி முடிந்து வந்த அன்று ராத்திரி அவரிடம் இதைப் பற்றிச் சொன்னேன். தோசைக் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார். "யாரு சரியில்லன்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சு அடுத்தது என்ன பண்றதுன்னுதான் தெரியல."

இதற்குத்தான் இந்தப் பயிற்சியே இருக்கிறது. எங்கள் வகுப்பில் இருந்த மேனேஜர்களுக்கு அடுத்தது என்ன செய்வது என்று இப்போது தெரியும், யார் சரியில்லை என்பது தெரியாது. அக்காவுக்கு நேர்மாறாக.

இந்தப் பயிற்சி எங்கே தொடங்கியது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில், கான்பெரா நகரத்தில், பெட்டி கிச்சனர் என்ற அம்மாவும் அவர் கணவர் டோனி ஜார்ம் என்ற ஆராய்ச்சியாளரும் ஆரம்பித்தது. பெட்டி கிச்சனருக்கே டிப்ரஷன் இருந்திருக்கிறது, அந்த அனுபவத்தோடுதான் இதை உருவாக்கினார். நெஞ்சுவலி வந்தால், ரத்தம் கொட்டினால் ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது என்று சாதாரண ஜனங்களுக்குச் சொல்லித் தருகிறோமே, மனசுக்கு மட்டும் ஏன் அது இல்லை என்று கேட்டார்கள். இன்றைக்கு எத்தனையோ நாடுகளில் நடக்கிறது. அவர்கள் சொல்லும் வழியில் ஐந்து வேலை: ஆளை அணுகி ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது, குறை சொல்லாமல் கேட்பது, தெம்பும் சரியான தகவலும் கொடுப்பது, மருத்துவ உதவிக்குப் போகத் தூண்டுவது, குடும்பம், நண்பர், கோயில் என்று மற்ற ஆதரவுகளையும் சேர்த்துப் பிடிக்க வைப்பது. வரிசையாகத்தான் செய்ய வேண்டும் என்று இல்லை, முதலாவதை மட்டும் எப்போதும் மறக்கக் கூடாது.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? நம் ஆட்கள் யாரும் வந்து "எனக்கு டிப்ரஷன்" என்று சொல்வதில்லை. தலை கனமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, வயிறு சரியில்ல, கை கால் அசதி, சாப்பாடு இறங்கல. உடம்பு வழியாகத்தான் மனசு பேசுகிறது. மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். மெஸ் அக்கா சொன்ன அடையாளங்களை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன், ஏனென்றால் வகுப்பில் கொடுத்த புத்தகத்தைவிட அவை துல்லியமாக இருந்தன. எப்போதும் கூட்டத்தோடு வருகிற பையன் எல்லோரும் போனபிறகு வர ஆரம்பிப்பான். பார்சல் கேட்பான், அடுத்த நாள் அந்தப் பார்சல் பிரிக்காமல் வாசல் குப்பையில் கிடக்கும். சட்டை மாறாது. சம்பளம் வந்த தேதியில் சிரித்துக்கொண்டு காசு கொடுக்கிறவன் முகத்தைப் பார்க்காமல் ஜிபே பண்ணிவிட்டுப் போவான். இன்னொன்று சொன்னார், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது: ரொம்ப நாள் பாக்கி வைத்திருந்த ஒருவன் திடீரென்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, "ரொம்ப நல்லா பாத்துக்கிட்டீங்கக்கா" என்று கும்பிட்டுவிட்டுப் போனானாம். எங்கள் வகுப்பில் இதே விஷயத்தைச் சொன்னார்கள், கணக்கெல்லாம் முடிப்பது, பிரியமான பொருளைக் கொடுத்துவிடுவது, விடை பெறுவது மாதிரிப் பேசுவது, இவை அவசர எச்சரிக்கை என்று. அக்காவுக்கு அன்று என்னவோ உறுத்தி அவன் ரூமுக்கே போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அந்தப் பையன் இன்றைக்கு நன்றாக இருக்கிறான், வேறு ஊரில் வேலை. (அவன் யாரென்று தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

ஒருநாள் இரண்டு நாள் சோர்ந்திருப்பது எல்லோருக்கும் வருவது. சோகம், எதிலும் பிடிப்பின்மை, தூக்கமும் பசியும் கெடுவது, எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்து, வேலையையும் உறவையும் பாதிக்க ஆரம்பித்தால் அப்போது டாக்டர் பார்க்க வேண்டும். நோய்க்குப் பெயர் வைப்பது அவர் வேலை. நம் வேலை கவனிப்பதும் கேட்பதும்.

கேட்பது என்று எழுதிவிட்டேன், அதுதான் எங்கள் வகுப்பில் எல்லோரையும் திணறடித்தது. எதிரே இருப்பவர் ஐந்து நிமிடம் பேசுவார், நீங்கள் அறிவுரை எதுவும் சொல்லக் கூடாது என்றார் மேடம். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. "அதுக்கெல்லாம் போய்க் கவலைப்படலாமா", "உனக்கென்ன குறைச்சல்", "எங்க காலத்துல நாங்க படாத கஷ்டமா", "காலைல எந்திரிச்சு வாக்கிங் போ". நமக்குப் பிரியம் இருந்தால் அது அறிவுரையாகத்தான் வாயிலிருந்து வருகிறது, அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். கஷ்டத்தில் இருப்பவருக்கு அது, உன் கஷ்டம் ஒரு கஷ்டமே இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. இதில் ஆகக் கொடுமையானது கல்யாணத்தை மருந்தாகச் சொல்வது. பையன் ஒரு மாதிரி இருக்கானா, ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாயிடுவான். பிரச்சினையை மறைத்து ஒரு பெண்ணைக் கட்டி வைத்து, அவளும் சேர்ந்து முழுகிப்போன குடும்பங்கள் நம் எல்லோருக்கும் தெரியும். இதைச் சொல்கிற பெரியவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, அவர்கள் நல்லெண்ணத்தில் சொன்னாலும்.

பதிலுக்கு என்ன சொல்லலாம்? ரொம்பச் சின்னச் சின்ன வார்த்தை போதும். "எப்பலேருந்து இப்படி இருக்கு?" "ரொம்ப கஷ்டமாத்தான் இருந்திருக்கும்." "இன்னும் சொல்லு, நான் இங்கதான் இருக்கேன்." அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருப்பது. அந்த அமைதியை நிரப்ப வேண்டும் என்று மனசு துடிக்கும், நிரப்பாமல் விட்டால் அவரே பேசுவார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது.

இதைச் செய்து பார்க்கச் சொன்னபோது என் எதிரே உட்கார்ந்திருந்தவர் மதுரைக்காரர், நல்ல பேச்சாளி, மீட்டிங்கில் அவர் வாயை அடைக்க முடியாது. இங்கிலீஷில் டக்கென்று கேட்டுவிட்டார். வீட்டில் பேசுகிற மாதிரி தமிழில் கேளுங்கள் என்று மேடம் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார். "தப்பா எதுவும்... யோசிக்கலியே?" என்றார் கடைசியில். நாம் எல்லோரும் இப்படித்தான் கேட்போம். சாவைப் பற்றி வாய்விட்டுப் பேசினாலே "அபசகுனமா பேசாத, வாயைக் கழுவு" என்று அதட்டி வளர்த்த வீடுகள் நம் வீடுகள். ஆனால் "யோசிக்கலியே" என்று கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது: "சேச்சே, அதெல்லாம் இல்ல." கேள்வியிலேயே பதிலையும் நாம் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். அவன் மனதில் அந்த எண்ணம் இருந்தால், இவருக்கு இதைக் கேட்கத் தெம்பில்லை என்று புரிந்துகொண்டு மூடிவிடுவான்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போல ஆகுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆகாது. இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், கேட்பதால் எண்ணம் கூடுவதற்கு ஆதாரம் இல்லை, மாறாகச் சிலருக்குப் பாரம் இறங்குகிறது. மேடம் சொல்லிக்கொடுத்த மாதிரி: "இவ்ளோ பாரமா இருக்கறப்போ சில பேருக்குச் செத்துடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?" குரலை மாற்றாமல், கண்ணைப் பார்த்து. ஆமாம் என்றால் அலறக் கூடாது, அழக் கூடாது, "உங்கம்மாவை நெனச்சுப் பாத்தியா" என்று ஆரம்பிக்கக் கூடாது. சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு மேலே கேட்க வேண்டும்: எப்படி என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாயா, எப்போது என்று ஏதாவது இருக்கிறதா, இதற்கு முன்னால் முயற்சி நடந்திருக்கிறதா. வழியும் நேரமும் தெளிவாக இருந்தால் அது இந்த நிமிடத்து ஆபத்து. அந்த ஆளைத் தனியாக விடக் கூடாது. ஆபத்தான பொருள் எதுவும் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும். இந்த எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் இருக்கும், அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதும் வழி அடைபட்டிருப்பதும் உயிரைக் காப்பாற்றுகிறது.

சத்தியம் வாங்குவதையும் விட்டுவிட வேண்டும். "என் மேல சத்தியமா பண்ணிக்க மாட்டேன்னு சொல்லு" என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்குகிறோம், அதனால் நமக்குத்தான் நிம்மதி, அவருக்குப் பாதுகாப்பு இல்லை. அதற்குப் பதில் "இன்னிக்கு ராத்திரி அந்த எண்ணம் வந்தா யாருக்குப் போன் பண்ணுவ?" என்று கேட்டுப் பெயரையும் நம்பரையும் எழுதி வைப்பது உருப்படியானது. அதேபோல, "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கேட்டால் ஒப்புக்கொள்ளக் கூடாது. "உன் உயிருக்கு ஆபத்துன்னா கண்டிப்பா சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதுதான் மரியாதை.

போன் என்றால் 14416. டெலி மானஸ் என்று மத்திய அரசின் இலவச உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, 2022 அக்டோபர் 10 அன்று ஆரம்பித்தது. நாடு முழுவதற்கும் இதைக் கட்டி நடத்துகிற தலைமை மையம் நம் பெங்களூரில் இருக்கிற மத்திய அரசு மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ்தான். 20 மொழிகளில் பேசலாம், தமிழும் அதில் உண்டு. கஷ்டத்தில் இருப்பவர்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை, பக்கத்தில் இருக்கிற நாமே கூப்பிட்டு இப்படி ஒருத்தர் இருக்கிறார், என்ன செய்ய என்று கேட்கலாம். மெஸ் அக்காவுக்கு நான் முதலில் சேவ் பண்ணிக் கொடுத்தது இந்த நம்பரைத்தான். தமிழிலேயே பேச வேண்டும் என்றால் சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது, டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் ஆரம்பித்தது, 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் போனில் நேரம் கடத்தாமல் 112-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். நிம்ஹான்ஸ் எமர்ஜென்சி ராத்திரியிலும் திறந்திருக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று அங்கே வருகிற தமிழ்க் குடும்பங்கள் அவ்வளவு பேர், பேச்சுத்துணைக்குப் பஞ்சமே இருக்காது.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல் வீட்டில் வைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். முன்பு தற்கொலை முயற்சிக்கு 309 என்ற சட்டப்பிரிவு இருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. என்று ஒரு மருத்துவ-சட்டப் பதிவு போடுவார்கள், அதைப் பார்த்து நடுங்க வேண்டாம்.

இந்தியாவில் 2022-இல் மட்டும் 1,70,924 பேர் தற்கொலையில் இறந்ததாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தினக்கூலி வேலை செய்தவர்கள். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எங்கள் வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நிம்ஹான்ஸ் 2015-16-இல் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது, பெரும்பாலான பிரச்சினைகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சைக்கே போகவில்லை. மனநல டாக்டர்களும் லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லாத நாடு இது. அதனால் நடுவில் ஒரு ஆள் வேண்டும், கையைப் பிடித்து அந்த வாசல் வரைக்கும் கூட்டிப் போகிற ஆள்.

படிக்காதவர்களால் இதெல்லாம் முடியுமா என்று எங்கள் ஆபீஸில் ஒருத்தர் கேட்டார். ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல டாக்டர் 2006-இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார், சுகாதார நிலையத்து வாசலில் பெஞ்சு போட்டு அவர்கள் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவார்கள். 2016-இல் வெளியான ஆய்வில் அந்தப் பெஞ்சுக்குப் போனவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. கோவாவில் சங்காத் என்ற அமைப்பு, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களைப் பழக்கி, கடும் டிப்ரஷனில் இருந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பேச்சு வழிச் சிகிச்சை கொடுக்க வைத்தது, அதன் நல்ல பலன் 2017-இல் லான்செட் இதழில் வந்தது. அவர்களுக்குப் பின்னால் மேற்பார்வைக்கு ஆள் இருந்தது, எங்கள் பயிற்சியைவிட அது நீளமானது, எல்லாம் உண்மை. முதலுதவிப் பயிற்சியைப் பொறுத்தவரை, எடுத்துக்கொண்டவரின் அறிவும் தைரியமும் கூடுகிறது என்பது உறுதியாகத் தெரிகிறது, உதவி பெற்றவரின் நிலை எவ்வளவு மேம்படுகிறது என்பதற்கு இன்னும் அவ்வளவு வலுவான சான்று வரவில்லை. அதற்காக, கதவைத் தட்டத் துணிந்த ஒருவருக்கு அடுத்து என்ன பேசுவது என்று சொல்லித் தராமல் இருக்க முடியாது.

டாக்டரிடம் கூட்டிப் போவதோடு வேலை முடிவதில்லை. மாத்திரை விஷயம் இருக்கிறது. "தூக்க மாத்திரை குடுத்து அடிமையாக்கிடுவாங்க" என்று ஊரிலிருந்து மாமா போன் போட்டுச் சொல்வார். டிப்ரஷனுக்கான மாத்திரைகள் தூக்க மாத்திரைகள் அல்ல, வேலை செய்ய ஆரம்பிக்க இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆரம்பத்தில் வயிறு குமட்டும், "பலனே இல்ல" என்று பத்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். அந்த வாரங்களில் பக்கத்தில் இருப்பவர் வேலை பெரியது. தானாக நிறுத்தாதே, எது பிடிக்கவில்லையோ அதை டாக்டரிடம் சொல்லு, நானும் கூட வருகிறேன்.

கோயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். குணசீலத்துக்கு ஒரு மண்டலம் கொண்டுபோய் வைக்கலாமா, ஏர்வாடி தர்காவுக்குப் போகலாமா என்று கேட்கிற குடும்பங்களிடம் முகம் சுளிக்கக் கூடாது என்பது என் கருத்து. அங்கே போவதால் அவர்களுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது, நான்கு பேர் தங்களைப் போல இருப்பதைப் பார்க்கிறார்கள். மாத்திரையையும் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள், அதை நாம் ஒருநாளும் மறக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. 2017 சட்டம் மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. யார் கூட்டிப் போனாலும், எந்தச் சாமியிடம் போனாலும், கட்டிப்போடுகிற இடத்தில் விட்டுவிட்டு வரக் கூடாது.

மெஸ் அக்கா மாதிரி ஆட்களுக்கும் இதைச் சொல்லித் தர முடியுமா என்று மேடத்திடம் கேட்டோம், அவர் காசு வாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் மெஸ்ஸுக்கே வந்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தோம். மெஸ் அக்கா, இரண்டு பி.ஜி. வார்டன்கள், வாட்ச்மேன் அண்ணா, மெடிக்கல் ஷாப் தம்பி, கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசராக இருக்கிற ஒரு அக்கா, அவர் கூட்டி வந்த பெண்கள். தமிழும் கன்னடமும் கலந்துதான் ஓடியது. ஏசி ரூமில் வராத கேள்விகள் எல்லாம் இங்கே வந்தன.

வாட்ச்மேன் அண்ணா கேட்டார், ராத்திரி ரொம்ப நேரம் வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருக்கிற பையனிடம் போய் என்ன பேச, "நீ யாருய்யா கேக்கன்னு சொல்லிட்டா?" பக்கத்தில் போய் உட்காருங்கள், டீ குடிக்கிறாயா என்று கேளுங்கள், அன்றைக்குப் பேசாவிட்டால் மறுநாளும் கேளுங்கள் என்றார் மேடம். மெடிக்கல் ஷாப் தம்பி, சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டுத் திரும்பத் திரும்ப வருகிறவர்களைப் பற்றிக் கேட்டான். கொடுக்கவே கூடாது, அதோடு "இல்ல" என்று திருப்பி அனுப்பிவிடவும் கூடாது, எத்தனை நாளாத் தூக்கம் இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டு 14416-ஐ எழுதிக் கொடு என்றார் மேடம்.

சூப்பர்வைசர் அக்கா கேட்டதுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. அவர் லைனில் ஒரு பெண் அடிக்கடி மயங்கி விழுகிறாள். வீட்டில் புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான், குழுக்கடன் வாரத் தவணைக்கு ஆள் வாசலில் வந்து நிற்கிறது. "அவகிட்ட உக்காந்து கேட்டா மட்டும் கடன் தீருமா மேடம்?" தீராது. மேடம் அதை அப்படியே ஒப்புக்கொண்டார், எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அங்கேதான். எல்லாக் கஷ்டமும் நோய் இல்லை, அடி வாங்குகிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண்ணையும், அதற்குப் பிறகு எங்கே போவது, சட்ட உதவி எப்படிக் கேட்பது என்பதையும் சொன்னார். கடன் தவணைக்கு அவகாசம் கேட்கப் போகும்போது தனியாகப் போகாமல் கூட இரண்டு பெண்கள் போகலாம் என்று சூப்பர்வைசர் அக்காவே சொன்னார். இந்தப் பேச்சு எங்கள் கம்பெனிக் கையேட்டில் எந்தப் பக்கத்திலும் கிடையாது.

கடைசியாக, உதவுகிறவர் எப்படித் தாங்குவது என்று பேசினோம். ஒரே ஆள் சுமக்கக் கூடாது, எப்போதும் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நம்மால் முடிந்ததைச் செய்தும் சில சமயம் ஒருவர் நம் கையை விட்டுப் போய்விடுவார், அப்போது நாமும் 14416-ஐக் கூப்பிடலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை. மெஸ் அக்கா ராத்திரி தூங்காமல் யோசிக்கிற ஆள், அதனால் அவருக்கும் ஒரு வார்டனுக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு: ஒரு பையனைப் பற்றிச் சந்தேகம் வந்தால் இருவரும் சேர்ந்துதான் போய்ப் பேசுவார்கள்.

நம்பரை அச்சடித்து மெஸ்ஸில் கை கழுவும் இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறோம், பி.ஜி. மாடிப்படிகளிலும். ஒரு பி.ஜி. ஓனர் மட்டும், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒட்ட விடவில்லை, வார்டன் தம்பி பேசிக்கொண்டிருக்கிறான். என் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களையும் அடுத்த வகுப்பில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை, திரும்பவும் எழுதுவேன். அடுத்த கூட்டம் சூப்பர்வைசர் அக்காவின் கார்மென்ட்ஸ் பெண்களுக்கு, சம்பளம் வந்ததற்கு அடுத்த ஞாயிறு. அங்கே பாதிப் பெண்கள் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், ஒடியா தெரிந்த ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.